எஃப்.என்.டி. உள்ள தங்கையை நெல்லைக் கல்யாணத்துக்கு எப்படி அழைத்துச் செல்வது?

குரோம்பேட்டையில் இருக்கும் ஒரு அக்காவின் கேள்வி இது. தங்கைக்கு 26 வயது. செயல்சார் நரம்பியல் கோளாறு, சுருக்கமாக எஃப்.என்.டி., என்று சென்ற ஆண்டு நரம்பியல் மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். இடது கால் திடீரென்று துவண்டுவிடுகிறது. வாரத்தில் ஒன்றிரண்டு முறை வலிப்புப் போல வந்து கால் மணி நேரம் நீடிக்கிறது. திருநெல்வேலியில் மாமா மகளுக்குக் கல்யாணம், மறுநாள் திருச்செந்தூர்ப் பக்கம் குலதெய்வக் கோயில். ஆண்டு இறுதியில் சிங்கப்பூருக்கு வரச் சொல்லி அண்ணன் வேறு கூப்பிடுகிறார். "வீட்டிலேயே இருக்கட்டும்" என்கிறார் அம்மா. "போயே தீருவேன்" என்கிறாள் தங்கை. போகலாமா, போனால் எப்படிப் போவது?

போகலாம். அம்மாவின் பயத்தை அலட்சியப்படுத்திச் சொல்லவில்லை. பதினாறு ஆண்டுகளாக நரம்பியல் நோயாளிகளுக்கு இயன்முறை மருத்துவம் செய்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பயணத்தால் எஃப்.என்.டி. உள்ளவரின் நரம்பு கெட்டுப்போவதில்லை. களைப்பு கூடலாம், நான்கைந்து நாள் கால் அதிகமாகப் படுத்தலாம், பிறகு பழைய நிலைக்கு வரும். ஆனால் "இவளை எங்கும் கூட்டிப்போக முடியாது" என்று வீட்டில் ஒரு முறை தீர்ப்பாகிவிட்டால், அதிலிருந்து மீள மாதக்கணக்கில் ஆவதைப் பார்த்திருக்கிறேன். அண்மையில் வலிப்பு திடீரென்று கூடியிருந்தாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ மட்டும் முதலில் அவருடைய மருத்துவரிடம் காட்டிவிட்டு டிக்கெட் போடுங்கள்.

டிக்கெட்டுக்கு வருவதற்கு முன் இந்த நோயின் போக்கைச் சொல்லியாக வேண்டும். அது புரியாமல் போடும் திட்டம் நோய்க்கே தீனியாகிவிடும்.

1908இல் சார்லஸ் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு சின்னச் சோதனையை விவரித்தார். படுத்திருக்கும் நோயாளியிடம், துவண்ட காலின் குதிகாலால் கட்டிலை அழுத்தச் சொன்னால் அழுத்தம் வராது. அதே ஆளை மற்றொரு காலை மேலே தூக்கச் சொல்லி, அதை நாம் கையால் தடுத்துப் பிடித்தால், துவண்ட கால் தன்பாட்டில் கட்டிலை நன்றாக அழுத்தும். வலு உள்ளே இருக்கிறது. வேண்டுமென்று அழைக்கும்போது வருவதில்லை, கவனம் வேறு இடத்தில் இருக்கும்போது வந்துவிடுகிறது. உங்கள் தங்கைக்கும் மருத்துவர் இதைச் செய்து பார்த்திருப்பார். நடிக்கிறவரைப் பிடிப்பதற்கான தந்திரம் என்று இதைச் சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இது எஃப்.என்.டி.யை உறுதி செய்யும் அடையாளங்களில் ஒன்று. மாடிப்படியில் இறங்கும்போது "அடுத்து எந்தக் கால்?" என்று யோசித்தால் நமக்கே தடுமாறும் அல்லவா? அந்தத் தடுமாற்றம் நமக்கு ஒரு நொடியில் தீர்ந்துவிடும், அவருக்குத் தீருவதில்லை. உடல் உறுப்பில் பழுதில்லை, அதை இயக்கும் மூளையின் போக்குவரத்தில்தான் நெரிசல். உடம்பின் மேல் கவனம் கூடக்கூட நெரிசலும் கூடும்.

இதிலிருந்துதான் என் யோசனைகள் எல்லாம் வருகின்றன. திட்டத்தை முழுதாகப் போடுங்கள். போட்டு முடித்ததும் ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். "வந்துவிடுமோ, வந்துவிடுமோ" என்று உடம்பைக் காவல் காக்கும் வேலை தங்கைக்கு வேண்டாம், அதைத் தாளும் நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். "கால் எப்படி இருக்கிறது?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் அன்பான குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் காலை நோக்கி ஒரு விளக்கைத் திருப்புகிறது. அதற்குப் பதில் ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் அவராகவே "தண்ணீர்" என்று சொல்லட்டும். சொல்லாத வரை நீங்கள் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி வம்பு பேசிக்கொண்டு வாருங்கள். வம்பு இங்கே வைத்தியம்.

இனி ரயில். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது (2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது). முகூர்த்த மாதத்தில் தென்மாவட்ட வண்டிகள் திறந்த கையோடு நிரம்பிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தட்கலை நம்பி இருக்காதீர்கள். ஆர்.ஏ.சி. கிடைத்தாலும் பயனில்லை, பக்கவாட்டுக் கீழ் இருக்கையில் அறிமுகமில்லாதவரோடு பாதிப் பாதி உட்கார்ந்து இரவைக் கழித்தால் மறுநாள் முழுக்க வீணாகும்.

எந்த வண்டி என்று தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயத்தைப் பெரும்பாலானோர் யோசிப்பதில்லை. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதுதான் அது. குரோம்பேட்டைக்குத் தாம்பரம் பக்கம் என்று அங்கே ஏறத் தோன்றும். ஆனால் வழியில் வரும் நிலையத்தில் வண்டி சில நிமிடங்களே நிற்கும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னால் போதும், தங்கையின் கால் பிளாட்பாரத்தோடு ஒட்டிக்கொள்ளும். வண்டி புறப்படும் நிலையத்திலேயே ஏறுங்கள். பெட்டிகள் முன்கூட்டியே வந்து நிற்கும், நிதானமாக ஏறலாம். அதேபோல் திருநெல்வேலியோடு பயணம் முடியும் வண்டி நல்லது. நெல்லை எக்ஸ்பிரஸைச் சொல்வது இதனால்தான். கன்னியாகுமரி வரை போகும் வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு அவசரமாக இறங்க வேண்டியிருக்கும். எந்த வண்டி எங்கே புறப்படுகிறது என்பதை மட்டும் பதிவு செய்யும்போது ஒருமுறை பார்த்துவிடுங்கள், எழும்பூரில் வேலை நடக்கும்போது இடம் மாறுகிறது.

வந்தே பாரத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய எழும்பூர்–திருநெல்வேலி வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. கதவு தானாக மூடிக்கொள்ளும், வாசலில் விழும் ஆபத்து இல்லை. ஆனால் படுக்க இடமில்லை. கால் மணி நேரம் வலிப்பு வந்து ஓய்ந்தபின் அரை மணியாவது படுக்க வேண்டியவருக்கு இருக்கை வசதிப்படாது. வலிப்பு இல்லாமல் கால் பிரச்சினை மட்டும் உள்ளவர் என்றால் நான் வந்தே பாரத்தையே சொல்லியிருப்பேன்.

பணம் இடம் கொடுத்தால் இரண்டடுக்கு ஏசி எடுங்கள். நடு பெர்த் கிடையாது, திரை உண்டு. அவருக்குக் கீழ் பெர்த், உங்களுக்கு எதிர்க் கீழ் பெர்த் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அவருக்கு மேலே. வலிப்பு உள்ளவரை எந்தக் காரணத்துக்காகவும் மேல் பெர்த்தில் ஏற்றாதீர்கள். கீழ் பெர்த் கிடைக்காமல் போனால், எதிரில் இருப்பவரிடம் வெட்கப்படாமல் காரணத்தைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள். நம் ஊரில் பத்துப் பேரில் ஒன்பது பேர் மாற்றிக் கொடுப்பார்கள், பத்தாவது ஆளிடம் டிக்கெட் பரிசோதகர் பேசுவார். கழிப்பறைக்குப் போகும்போது தாழ்ப்பாள் வேண்டாம், நீங்கள் வெளியே நில்லுங்கள். கதவருகே காற்று வாங்குவது கூடவே கூடாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான ரயில் கட்டணச் சலுகை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். நேரடியாகக் கிடைக்காது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் நாள்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற தலைப்பு உண்டு, எஃப்.என்.டி. என்ற பெயர் இல்லை. நடக்கும் திறன் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்து மருத்துவக் குழு முடிவு செய்யலாம். அதற்கு அலைவதைக் கல்யாணம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலிக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ரயில்வே உதவி எண் 139இல் கேட்டோ, நிலைய மேலாளர் அலுவலகத்தில் சொல்லியோ பெறலாம்.

சக்கர நாற்காலியைப் பற்றி எங்கள் தொழிலில் இரண்டு கருத்து உண்டு. எஃப்.என்.டி.யில் துணைக்கருவியை நீண்ட நாள் பயன்படுத்தினால் உடல் அதற்கே பழகி, நடை இன்னும் விலகிப்போகும். ஆகவே அன்றாட வாழ்க்கைக்கு அதை நாங்கள் தயங்கித்தான் சொல்வோம். பயண நாள் வேறு. நிலைய வாசலிலிருந்து பெட்டி வரை உள்ள நீண்ட நடையை நாற்காலியில் கடந்து, மிச்சம் பிடித்த தெம்பைப் பெட்டிக்குள் ஏறுவதற்குச் செலவழிப்பது நல்ல கணக்கு. நாற்காலியிலிருந்து எழுந்து அவர் இரண்டு படி ஏறினால் யாராவது முறைத்துப் பார்ப்பார்கள். "நன்றாகத்தானே நடக்கிறது இந்தப் பெண்?" என்பார்கள். சில நிமிடம் நடக்கவும் பல நிமிடம் நடக்காமல் போகவும் செய்வதுதான் இந்த நோய். விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம், வண்டி போய்விடும்.

கால் நடுவழியில் ஒட்டிக்கொண்டால் செய்யக்கூடியவை சில உண்டு. இழுக்காதீர்கள், "தூக்கு, தூக்கு" என்று சொல்லாதீர்கள். நின்ற இடத்திலேயே உடலின் எடையை வலது இடதாக மெல்ல ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் ஒரு தாளத்துக்கு வந்ததும் பாதத்தைத் தூக்காமல் தரையோடு வழுக்கி நகர்த்தட்டும். சிலருக்குப் பின்னோக்கி நடப்பது எளிதாக வருகிறது. சிலருக்கு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போனால் கால் தன்பாட்டில் போகிறது. என்னிடம் வந்த ஒரு பள்ளி ஆசிரியை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே பஸ் நிலையத்தைக் கடப்பார். பதினாறாம் வாய்ப்பாட்டில் தவறு விடும் இடத்தில்தான் நடை மிக நன்றாக இருக்கும் என்பார். உங்கள் தங்கைக்கு எது ஒத்துவருகிறது என்பதை அவருடைய இயன்முறை மருத்துவரோடு இப்போதே பழகுங்கள். ரயில் நிலையத்தில் முதன்முறையாக முயன்று பார்க்க வேண்டாம்.

இனி வலிப்பு. அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இதில்தான். ஏனென்றால் இங்கே நோயைவிட உதவி செய்ய வருகிறவர்களால்தான் ஆபத்து.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் சிகிச்சை பெற்ற கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் தனியாக ரயிலில் போனார். வலிப்பு வந்தது. பயணிகள் பதறி, இரும்பைக் கையில் திணித்து, வாயில் கரண்டியை வைத்து, அடுத்த நிலையத்தில் இறக்கி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவருடைய நோய் யாருக்கும் தெரியாது. அரை மணியாக நிற்காத வலிப்பு என்றால் உயிருக்கு ஆபத்தான எபிலெப்ஸி, அதாவது காக்காய் வலிப்பு, என்றுதான் எந்த மருத்துவரும் நினைப்பார், நினைக்கவும் வேண்டும். வலிப்பை நிறுத்தும் ஊசிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போனதில் மூச்சு மந்தமாகிவிட்டது. இரண்டு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். யாரையும் குறை சொல்ல முடியாது, அவர் பையில் ஒரு தாள் இருந்திருந்தால் போதும். ஒரு உடைந்த பல்லோடு திரும்பி வந்தார், அது கரண்டி செய்த வேலை.

ஆகவே தாள். மருத்துவரின் முத்திரைத் தாளில், அவர் கையெழுத்தோடு, ஆங்கிலத்தில் ஒன்று. பயணிகள் படிக்கத் தமிழில் ஒன்று. தமிழ்த் தாளை நான் இப்படி எழுதித் தருவது வழக்கம்:

"எனக்குச் செயல்சார் வலிப்பு என்ற நோய் இருக்கிறது. நான் விழுந்து கை கால் உதறினால் பயப்பட வேண்டாம். இது காக்காய் வலிப்பு அல்ல என்று வீடியோ இ.இ.ஜி. பரிசோதனையில் உறுதியாகியிருக்கிறது. பதினைந்து, இருபது நிமிடத்தில் தானாக நிற்கும். கண் மூடியிருந்தாலும் நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கலாம். இடிக்கக்கூடிய பொருள்களை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் துணி வையுங்கள். என்னைப் பிடித்து அமுக்க வேண்டாம். கையில் இரும்போ, வாயில் எதுவுமோ வைக்க வேண்டாம். ஒருவர் மட்டும் அருகில் இருந்து மெதுவாகப் பேசுங்கள். இந்த எண்ணை அழையுங்கள். அடிபட்டு ரத்தம் வந்தாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, முப்பது நிமிடம் தாண்டினாலோ 108ஐக் கூப்பிட்டு, பின்பக்கம் உள்ள மருத்துவரின் கடிதத்தைக் காட்டுங்கள்."

வீடியோ இ.இ.ஜி. (வலிப்பைப் படம் பிடித்தபடியே மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) என்ற வரியை உங்கள் தங்கைக்கு உண்மையிலேயே அந்தப் பரிசோதனை நடந்திருந்தால் மட்டும் எழுதுங்கள். நிமிடக் கணக்கையும் அவருக்கு வழக்கமாக எவ்வளவு நீடிக்கிறதோ அதைப் பார்த்து மருத்துவரே நிரப்பட்டும். சிலருக்கு எபிலெப்ஸியும் செயல்சார் வலிப்பும் சேர்ந்தே இருக்கும், அவர்களுக்கு இந்தத் தாள் பொருந்தாது, இரண்டையும் பிரித்துச் சொல்லும் வேறு தாள் வேண்டும். இன்னொன்று, எல்லாவற்றையும் எஃப்.என்.டி. தலையில் கட்டிவிடாதீர்கள். வாய் கோணுவது, வழக்கமில்லாத நெஞ்சுவலி, நீலம் பாயும் உதடு, இதுவரை வராத விதமான வலிப்பு போன்றவை வந்தால் தாளை மடித்து வைத்துவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். இந்த நோய் உள்ளவருக்கும் மற்ற நோய்கள் வரும்.

ரயிலில் வந்துவிட்டால் சங்கிலியை இழுக்காதீர்கள். இழுத்தால் வண்டி நடுக்காட்டில் நிற்கும், அங்கே உதவிக்கு ஆள் இருக்காது. வழக்கமான வலிப்பு என்றால் திரையை இழுத்துவிட்டு, பெர்த்தின் ஓரத்தில் தலையணையும் பையும் அடுக்கி, பக்கத்தில் உட்கார்ந்து எப்போதும் பேசும் குரலில் பேசுங்கள். "நாம் ரயிலில் இருக்கிறோம், விழுப்புரம் தாண்டிவிட்டோம், நான் பக்கத்தில் இருக்கிறேன்." அவ்வளவு போதும். மருத்துவ உதவி உண்மையாகவே தேவைப்பட்டால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் 139. அடுத்த பெரிய நிலையத்தில் ஆள் வர ஏற்பாடாகும். கைப்பேசியில் படம் பிடிக்கும் யாராவது ஒருவர் இருப்பார். அவரைத் திட்டாதீர்கள், "ஐயா, கொஞ்சம் தண்ணீர் பிடித்து வாருங்கள்" என்று ஒரு வேலை கொடுங்கள். கை வேலையில் இருந்தால் கேமரா தானாக இறங்கும்.

வருவதற்குச் சில நிமிடம் முன்பே பலருக்குத் தெரியும். சத்தம் தூரத்தில் கேட்பது போலிருக்கும், உடம்பு தன்னுடையதில்லை என்று தோன்றும், மூச்சு வேகமாகும். அந்த இடைவெளியில் கவனத்தை வெளியே இழுக்க முடிந்தால் சில முறை வலிப்பே வராமல் போகும். புளிப்பு மிட்டாய், கையில் உருட்டச் சொரசொரப்பான ஒரு ருத்திராட்சம், குளிர்ந்த தண்ணீர் பாட்டில், எதிரில் தெரியும் பெயர்ப்பலகையை எழுத்தெழுத்தாகப் படிப்பது, இப்படி ஏதாவது ஒன்று. கூடவே மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டச் சொல்லுங்கள். இந்தப் பொருள்களை அவரே பையில் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

நாள் கணக்குக்கு வருவோம். கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு புறப்பட்டு, காலையில் இறங்கி, நேராக மண்டபத்துக்குப் போவது நம் குடும்பங்களின் வழக்கம். உங்களுக்கு அது வேண்டாம். ஒரு நாள் முன்னதாகப் போய், இறங்கிய அந்த நாளை முழுக்கக் காலியாக விடுங்கள். அந்தக் காலி நாளில் ஆபத்து ஒன்று உண்டு. தங்கைக்கு உடம்பு நன்றாக இருக்கும். "வா, நெல்லையப்பர் கோயில் போவோம், அப்படியே அல்வா வாங்கி வருவோம்" என்று கிளம்புவார். நல்ல நாளில் அளவுக்கு மீறிச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பதுதான் இந்த நோயாளிகள் எல்லோரும் விழும் குழி. நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவு. இருபது நிமிட நடை என்று வைத்திருந்தால் இருபது நிமிடம்தான். அல்வாவை மாமாவே வாங்கி வரட்டும்.

தங்குமிடம் மண்டபத்துக்கு நடக்கும் தூரத்தில், தரைத்தளத்தில், தனி அறையாக. சொந்தக்காரர் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் பதினைந்து பேரோடு படுக்கிற ஏற்பாட்டை முதலிலேயே மறுத்துவிடுங்கள். அத்தை கோபித்துக்கொள்வார், கோபம் ஆறிவிடும். மண்டபத்தில் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில், ஸ்பீக்கருக்குத் தூரத்தில் இடம். கெட்டிமேளம் சட்டென்று எழும்போது பலருக்கு உடல் அதிரும். அந்த நேரம் தெரிந்ததுதான் என்பதால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அல்லது காதில் பஞ்சு. கறுப்புக் கண்ணாடியும் காது அடைப்பானும் நாள் முழுக்கப் போட்டிருப்பதை நான் ஆதரிப்பதில்லை. வெளிச்சத்தையும் சத்தத்தையும் தவிர்க்கத் தவிர்க்க மூளை அவற்றுக்கு மேலும் கூசத் தொடங்கும். தேவைப்படும் பத்து நிமிடத்துக்கு மட்டும் போதும்.

உறவினர்களுக்கு என்ன சொல்வது என்பது உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் அதைத்தான் தங்கை இரவில் யோசித்துக்கொண்டிருப்பார். "நரம்புத் தளர்ச்சி" என்ற சொல்லை மட்டும் பயன்படுத்தாதீர்கள். லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்க்கும் ஆட்கள் சுவரெழுத்து விளம்பரம் எழுதி எழுதி அந்தச் சொல்லைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள், கல்யாண வயதுப் பெண்ணுக்கு அது வேண்டாத வம்பு. "மூளையிலிருந்து காலுக்குப் போகும் சிக்னலில் கோளாறு, சிகிச்சை நடக்கிறது, நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள். கல்யாண வீட்டில் சாப்பாட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரும் நகர மாட்டார்கள், பேச்சு அங்கே திரும்பிவிடும். "மனதில் என்ன கவலையோ" என்று ஆராயும் சித்தி ஒருவர் இருந்தால், கவலை இருந்தால்தான் இந்த நோய் வரும் என்பது பழைய கதை என்று சொல்லலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில்கூட 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். "நடிக்கிறாள்" என்கிறவரிடம் வாதாட வேண்டாம். நான் பதினாறு ஆண்டுகளாக வாதாடி வருகிறேன், ஒருவரும் மாறியதாக நினைவில்லை.

குலதெய்வக் கோயிலுக்கு நெல்லையிலிருந்து கார்தான் சரி, திருச்செந்தூர்ச் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர். தங்கை முன் இருக்கையில் உட்கார்ந்தால் தலைசுற்றல் குறைவாக இருக்கும், கைப்பேசியைப் பார்க்காமல் தூரத்துப் பனைமரங்களைப் பார்த்து வரட்டும். கார், ஸ்கூட்டர் எதையும் அவர் ஓட்டக் கூடாது. ஓட்டுநர் உரிமத்துக்கான முதல் படிவத்தில் எபிலெப்ஸி உண்டா என்பதோடு நிற்காமல், எந்தக் காரணத்தாலாவது திடீர் மயக்கமோ தலைசுற்றலோ வருவதுண்டா என்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி அவருக்கும்தான்.

கோயிலில் அன்று கொடைத் திருவிழா நடக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நையாண்டி மேளமும் சாம்பிராணிப் புகையும் நடுச்சாமப் படைப்பும் சேர்ந்த கூட்டத்தில் வலிப்பு வந்தால் அங்கே அது வலிப்பு அல்ல, சாமி. என் நோயாளி ஒருவருக்கு இப்படி ஆகி, சுற்றி நின்றவர்கள் மஞ்சள் நீரை ஊற்றி, வேப்பிலையால் அடித்து, "யார் வந்திருக்கிறது, சொல்" என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாம் காதில் விழுந்தது, வாய் திறக்க முடியவில்லை என்று அவர் சொன்னார். அங்கே வருகிற சாமியைப் பற்றி எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் பூசாரியிடம் போனதும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கொடை இல்லாத நாளின் காலை எட்டு மணியில் பொங்கல் வைத்துக் கும்பிட்டு வருவது அதைவிட நல்லது.

சிங்கப்பூரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நெல்லைப் பயணம் முடிந்தபின் உங்களுக்கே பாதி தெரிந்துவிடும். இடையில் மாறாத நேரடி விமானம். உதவி தேவை என்று விமான நிறுவனத்துக்கு 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள். வலிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் மருத்துவத் தகுதிப் படிவம் கேட்பார்கள், மருத்துவரிடம் நிரப்பி வாங்குங்கள். மறைத்து ஏறினால் நடுவானில் அறிவிப்புச் செய்து டாக்டரைத் தேடுவார்கள், விரிவுரையாளரின் கதை அங்கே தொடங்கும். சக்கர நாற்காலிக்கு மூன்று குறியீடுகள் உண்டு. படி ஏற முடியும், நீண்ட தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படியும் ஏற முடியாது என்றால் கடைசி எழுத்து எஸ். இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும் என்றால் சி. உங்கள் தங்கைக்கு அநேகமாக எஸ். கேளுங்கள். இருக்கை ஜன்னலோரம், நீங்கள் நடுவில். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தால் வலிப்பு நேரத்தில் சாப்பாட்டு வண்டி காலில் இடிக்கும். மறைவான குறைபாடுகளுக்கான சூரியகாந்திக் கழுத்துப்பட்டை 2016இல் லண்டனின் காட்விக் விமான நிலையத்தில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது, பெங்களூரிலும் உண்டு. நீங்கள் போகும் விமான நிலையத்தில் இருந்தால் வாங்கி அணியலாம், கட்டாயமில்லை.

மருந்துகள் கைப்பையில், மருந்துச் சீட்டோடு, அட்டையைக் கத்தரிக்காமல். குளோனசெபம் போன்ற மாத்திரை எடுக்கிறார் என்றால் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதியைப் பார்த்து, தேவைப்பட்டால் முன் அனுமதி பெறுங்கள். அங்கே மருந்துச் சட்டம் விளையாட்டல்ல. பயணக் காப்பீட்டில் நோயை மறைக்காதீர்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருவார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். அங்கே ஆம்புலன்ஸ் எண் 995.

கடைசியாக, திரும்பும் டிக்கெட். போகிற டிக்கெட்டைக் கவனமாகப் போட்டுவிட்டு, திரும்புவதைக் கோயிலுக்குப் போய்வந்த அன்றிரவே வைத்துவிடுவார்கள். களைப்பு மொத்தமும் இறங்குவது அப்போதுதான், வழித்துணையாக இருந்த கல்யாண உற்சாகமும் அப்போது தீர்ந்திருக்கும். கோயிலுக்கு மறுநாள் ஓய்வு, அதற்கடுத்த இரவு வண்டி. குரோம்பேட்டை வந்தபின் இரண்டு நாள் அலுவலகத்துக்கு விடுப்பு, அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும். அந்த இரண்டு நாளில் கால் துவண்டால், "பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன்" என்ற வார்த்தை அம்மாவின் வாயில் வரும். அதைத் தங்கை காதில் விழாத இடத்தில் வைத்து நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.